உங்களுக்குத் தெரியுமா?
அடைத்த குழாயைத் திறக்க 2 மில்லிகிராம்!

மாரடைப்பில் ரத்தக்கட்டியைக் கரைக்க 100 மில்லிகிராம் வரை செலுத்தப்படும் மருந்து ஆல்டிபிளேஸ். இதயத்தருகே செல்லும் 'சென்ட்ரல் லைன்' குழாய் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால், அதே மருந்தில் 2 மில்லிகிராம் பெரும்பாலும் போதும். ஐம்பதில் ஒரு பங்கு!

● இந்த மருந்து மனித உடலில் இயல்பாகச் சுரக்கும் ஒரு புரதத்தின் நகல். ஆய்வகத்தில் அதைத் தயாரித்துத் தருபவை, சீன ஹாம்ஸ்டர் என்ற சிறு எலியினத்தின் சினைப்பை செல்கள்.

● மருந்து கட்டியை நேரடியாகக் கரைப்பதில்லை. கட்டிக்குள் சிக்கியிருக்கும் பிளாஸ்மினோஜென் என்ற புரதத்தைத் தட்டி எழுப்புகிறது. கரைக்கும் வேலையை அதுவே செய்கிறது. மருந்தைக் குழாய்க்குள் நிறுத்திவைத்து 30 நிமிடத்தில் பார்ப்பார்கள். திறக்கவில்லையா? 2 மணி நேரம் வரை காத்திருப்பார்கள். அப்போதும் அசையாவிட்டால் இன்னொரு டோஸ். திறந்ததும் சிறிது ரத்தத்தோடு மருந்தையும் வெளியே இழுத்துவிடுவார்கள். பழைய குழாயைக் கழற்றிப் புதிது போடும் வேதனை பலருக்கு இப்படித்தான் தவிர்க்கப்படுகிறது. புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி!

● அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு குழாய் அடைப்பை நீக்கும் இந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி தந்தது 2001-ல்.

● எல்லா அடைப்பும் ரத்தக்கட்டி அல்ல. குழாய் வழியே செலுத்தும் சத்துக்கரைசலில் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து படிந்தாலும் குழாய் அடைக்கும். அங்கே இந்த மருந்து பலிக்காது.

● சிறிய சிரிஞ்சில்தான் அழுத்தம் அதிகம். அதனால் வீட்டில் குழாயோடு இருப்பவர்கள் அடைப்பை அழுத்தித் தள்ளிப் பார்க்க வேண்டாம், குழாய் கிழியலாம். உடனே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள்.