தடித்த நுரையும் விரைந்த காலும்

ஓட்டக் காலணி வாங்கக் கடைக்குச் செல்வோர் முதலில் செய்வது, அதன் நுரையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பதே. பிறகு காலில் மாட்டி நாலடி நடப்பார்கள். மெத்தென்று இருக்கிறது என்பார்கள். பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். நடப்பவருக்கு இத்தேர்வு போதும். விரைந்து ஓடுபவருக்கு இது எதையும் உணர்த்தாது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் கிலோமீட்டருக்கு நான்கு நிமிடம் என்னும் விரைவில் ஓடுகையில், ஒவ்வோர் அடியிலும் தரை அவர் காலை எதிர்த்துத் தள்ளும் விசை உடலெடையின் ஏறத்தாழ இரண்டரை மடங்காக, 1,500 நியூட்டன் அளவுக்கு உயரும். அவ்விசை எழுந்து அடங்குவதற்கு நொடியில் ஐந்தில் ஒரு பங்கே ஆகும். நிமிடத்துக்கு 180 அடி வைப்பவராயின் ஒரு கிலோமீட்டரில் 720 முறை இது நிகழ்கிறது. நுரையின் உண்மையான இயல்பு அங்கேதான் வெளிப்படும். விரல் நுனியில் வெளிப்படாது.

விரைவுப் பயிற்சிக்கென்றே தடித்த நுரையும் உயர்ந்த விலையுமாக வரும் காலணிகள் அண்மை ஆண்டுகளில் தனியொரு வகையாக வளர்ந்துவிட்டன. ஜப்பானின் கோபே நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆசிக்ஸ் நிறுவனத்தின் சூப்பர்பிளாஸ்ட் அவ்வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. குதிகாலின் கீழ் 45 மில்லிமீட்டருக்குச் சற்று மேலான தடிமன். முன்பாதத்தின் கீழ் அதனினும் 8 மில்லிமீட்டர் குறைவு. இத்தனை தடிமன் இருந்தும் ஆடவர் காலணி ஒன்று 240 கிராம் அளவே எடையுள்ளது. அதன் நடுத்தட்டு இரண்டு அடுக்குகளால் ஆனது. மேலடுக்கு, அந்நிறுவனத்தின் போட்டிக் காலணிகளில் இடம்பெற்ற துள்ளல் மிகுந்த நுரை. கீழடுக்கு, அன்றாடப் பயிற்சிக் காலணிகளுக்குரிய, சற்றே உறுதியான நுரை. கரிம இழைத் தகடு கிடையாது. அமெரிக்காவில் 200 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது. அவ்வளவு கொடுத்து வாங்கும் ஒன்றை எந்த அளவுகோலால் அளப்பது?

முதல் அளவுகோல், நுரை வாங்கிய ஆற்றலில் எவ்வளவைத் திருப்பித் தருகிறது என்பது. 1970-களில் பரவிய எத்திலீன் வினைல் அசிட்டேட் நுரைதான் நெடுங்காலம் ஓட்டக் காலணிகளை ஆண்டது. 2013-இல் அடிடாஸ் தன் பூஸ்ட் நுரையைக் கொண்டுவந்தது. வெப்பத்தில் இளகும் பாலியூரித்தேன் மணிகளை ஊதிப் பெருக்கி ஒன்றாக இணைத்துச் செய்தது அது. 2017-இல் நைக்கியின் வேப்பர்ஃபிளை, பாலிஈதர் பிளாக் அமைடு என்னும் பல்படியால் ஆன நுரையோடு வந்தது. இம்மூன்றையும் கொலராடோ பல்கலைக்கழகத்தில் வௌட்டர் ஹூக்காமரும் ராட்ஜர் கிராமும் அவர்தம் குழுவினரும் ஒப்பிட்டனர். பழைய நுரை, தான் உட்கொண்ட ஆற்றலில் 65.5 விழுக்காட்டைத் திருப்பித் தந்தது, பூஸ்ட் 75.9, புதிய நுரை 87. அதனினும் முதன்மையானது, புதிய நுரை மற்றவற்றைப்போல் இரு மடங்கு ஆழம் அமுங்கியது என்பது. ஆழ அமுங்கியதால் மிகுதியாகச் சேமித்தது. ஓரடிக்கு ஏறத்தாழ 7.5 ஜூல் திரும்பி வந்தது. மற்ற இரண்டும் தந்தவை 3.5 ஜூல் அளவே. ஓடுபொறியில் ஓடிய 18 ஓட்டக்காரர்களின் ஆற்றல் செலவு சராசரியாக 4 விழுக்காடு குறைந்தது. அந்த ஆய்வுக்கு நைக்கியே பொருளுதவி செய்தது. ஆகவே பலரும் ஐயுற்றதில் வியப்பில்லை. பின்னர் வேறு ஆய்வகங்களிலும் அதே திசையிலான முடிவே கிடைத்தது.

நான்கு ஜூல் மிகுதியால் நான்கு விழுக்காடு எப்படிக் குறையும்? தோராயமாகக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நம் 60 கிலோ ஓட்டக்காரர், அந்த ஆய்வில் நுரையை அமுக்கிப் பார்த்த 2,000 நியூட்டன் விசையை எட்டுவதில்லை. ஆதலால் ஓரடிக்கு மூன்று ஜூல் மிச்சம் என்று கொள்வோம். நொடிக்கு மூன்று அடி. மிச்சம் ஒன்பது வாட். தசை ஒரு பங்கு வேலை செய்ய நான்கு பங்கு ஆற்றலைச் செலவிடும். எனவே உடலளவில் 36 வாட். அவ்விரைவில் ஓடும் உடல் ஏறத்தாழ 1,000 வாட் அளவில் எரிந்துகொண்டிருக்கிறது. கிடைக்கும் விடை நான்கு விழுக்காட்டுக்கு அருகில் வந்து நிற்கிறது. இயற்கை நமக்குத் தந்திருக்கும் வில்களின் முன் இது சிறு தொகையே. 1987-இல் மெக்நீல் அலெக்சாண்டரின் குழு கணித்தபடி, 70 கிலோ மனிதர் ஒருவர் ஓடும்போது குதிகால் தசைநாண் மட்டும் ஓரடிக்கு 35 ஜூலும் பாதத்தின் வளைவு 17 ஜூலும் சேமித்துத் தருகின்றன. காலணியின் வேலை இவ்விரண்டுக்கும் துணை நிற்பது. இவற்றைக் கெடுக்காமலாவது இருப்பது.

சூப்பர்பிளாஸ்டில் கரிம இழைத் தகடு இல்லாதது குறையா? விளம்பரங்களைப் படித்தவர் அப்படித்தான் நினைப்பார். ஹூக்காமரும் லாரா ஹீலியும் வேப்பர்ஃபிளைக் காலணியின் தகட்டைக் குறுக்கே ஆறிடங்களில் வெட்டி ஓடவைத்துப் பார்த்தனர். வளைவுக்கு எதிரான விறைப்பு பெரிதும் குறைந்தது. ஆற்றல் செலவோ குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை. பெருமை பெரும்பாலும் நுரையையே சேரும் என்பது அதனால் விளங்கிற்று. எடையின் பங்கும் தெளிவாகவே தெரியும்: காலணி ஒன்றுக்கு 100 கிராம் கூடினால் ஆற்றல் செலவு ஏறத்தாழ ஒரு விழுக்காடு உயரும். ஆகவே 240 கிராம் காலணிக்கும் 280 கிராம் காலணிக்கும் இடையே அரை விழுக்காடுகூட வேறுபாடு இல்லை. அதற்காக விலையை இருமடங்காக்கிக் கொள்வது, என் மதிப்பில், வீண்.

இதுவரை சொன்னவை நுரையின் சிறப்புகள். தடிமனுக்கு மறுபக்கமும் உண்டு. 2018-இல் பின்லாந்து ஆய்வாளர் ஜூஹா-பெக்கா குல்மாலாவும் துணைவரும் 12 ஆடவரை வழக்கமான காலணியிலும் மிகத் தடித்த காலணியிலும் ஓடவைத்தனர். மணிக்கு 10 கிலோமீட்டர் என்னும் மெதுவான ஓட்டத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. மணிக்கு 14.5 கிலோமீட்டரில், தடித்த மெத்து கொண்ட காலணியில்தான் தரைமோதலின் உச்ச விசை பத்து விழுக்காட்டுக்கு மேல் கூடியிருந்தது! இதன் காரணம் காலணியில் இல்லை, காலில் இருக்கிறது. அடியில் இருப்பது மென்மையானது என்று உணர்ந்த உடல், முழங்காலையும் கணுக்காலையும் குறைவாக மடக்கி, காலை விறைப்பாக வைத்துக்கொள்கிறது. மென்தரையில் ஓடுவோர் அனைவரும் தம்மை அறியாமலே செய்வதுதான் இது. விரைவு கூடும்போது அவ்விறைப்பின் விளைவு மெத்தின் பயனை விழுங்கிவிடுகிறது. விரைவுப் பயிற்சிக்கு வாங்கும் காலணியை அந்த விரைவிலேயே ஓடிப் பார்க்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். மெல்லோட்டத்தில் கிடைத்த இன்பம் எதற்கும் சான்றாகாது.

இதன் பொருள் மெத்து தீங்கு என்பதன்று. லக்சம்பர்க்கில் லோரன் மாலிசூவின் குழு 848 ஓட்டக்காரர்களை ஆறு மாதம் தொடர்ந்து கவனித்தது. ஒரே தோற்றமுள்ள காலணிகளில் ஒரு பாதி மென்மையாகவும் மறுபாதி கடினமாகவும் செய்து, யாருக்கு எது என்று தெரியாமல் வழங்கினர். கடினமானதை அணிந்தோரிடம் காயத்துக்கான இடர் ஒன்றரை மடங்காக இருந்தது. வியப்பு என்னவெனில், மென்மையின் பயன் எடை குறைந்தவரிடமே தெளிவாகத் தெரிந்தது. பருத்தவருக்கே மெத்து வேண்டும் என்று கடைக்காரர் சொல்லும் அறிவுரைக்கு இது நேரெதிர்.

ஆள் வேறுபாடும் சிறிதன்று. கென்யாவின் முன்னணி ஓட்டக்காரர் ஏழு பேரைச் சோதித்த 2023-ஆம் ஆண்டு ஆய்வொன்றில், உயர்தொழில்நுட்பக் காலணியால் ஒருவருக்கு 11 விழுக்காடு நன்மையும் மற்றொருவருக்கு அதே அளவு இழப்பும் விளைந்தன. விரைவும் முடிவை மாற்றும்: மணிக்கு 10 கிலோமீட்டரில் ஓடுவோருக்கு வேப்பர்ஃபிளை வகை தரும் சராசரி மிச்சம் ஒரு விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் எடுப்பவர் பிறருடைய நான்கு விழுக்காட்டுக்கு விலை கொடுக்கிறார்.

போட்டிக் காலணியைக் கடிகாரத்தால் அளக்கலாம். பயிற்சிக் காலணியைக் கடிகாரத்தால் மட்டும் அளப்பவர் ஏமாறுவார். ஆற்றலை மிச்சப்படுத்துவது பயிற்சியின் நோக்கமன்று. உடலை உழைக்கவைப்பதே நோக்கம். அதே மூச்சிரைப்பில் காலணி உங்களைச் சற்று விரைவாக ஓட்டிச் சென்றால், இதயம் பெறும் பயிற்சியில் மாற்றமில்லை. எலும்பும் தசைநாணும் ஏற்கும் விசைதான் கூடுகிறது. ஆகவே இதயத்துடிப்பை ஒன்றாக வைத்துக்கொண்டு, ஒரே பாதையில், பழைய காலணியையும் புதியதையும் நாள்மாற்றி அணிந்து ஓடுக. ஓட்டத்தின் கடைசிக் காற்பகுதியில் உங்கள் அடிவைப்பு குலைகிறதா என்று பாருங்கள். மறுநாள் காலையில் கெண்டைக்கால் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். கடிகாரம் இவற்றுக்கு அடுத்தபடியே.

உயரத்தின் விலை வளைவுகளில் தெரியும். 45 மில்லிமீட்டர் மேடையில் நிற்கும் கணுக்கால், சாய்ந்த சாலையோரத்திலும் தடகள ஓடுபாதையின் திருப்பத்திலும் கூடுதலாகப் போராடும். அடித்தட்டின் அகலம் ஓரளவே காக்கும். போட்டி விதியையும் மறக்கலாகாது. உலகத் தடகள அமைப்பு 2020-இல் சாலை ஓட்டக் காலணியின் தடிமனுக்கு 40 மில்லிமீட்டர் எல்லை வகுத்தது. 2021 செப்டம்பரில் வியன்னா மாரத்தானில் முதலாவதாக வந்த எத்தியோப்பியர் தெராரா ஹுரிசா, 50 மில்லிமீட்டர் தடிமனுள்ள காலணியை அணிந்திருந்ததால் தகுதி நீக்கப்பட்டார். சூப்பர்பிளாஸ்டும் அந்த எல்லையைக் கடந்ததே. பொழுதுபோக்காக ஓடுவோரின் காலை எவரும் அளப்பதில்லை. பரிசுக்கு ஓடுவோர் இதைப் போட்டி நாளில் வீட்டில் வைத்துவிட்டுப் போகவேண்டும்.

எஞ்சியது ஆயுள். பழைய வகை நுரை 500 கிலோமீட்டர் ஓடியபின் குதிகாலின் கீழ் உச்ச அழுத்தம் இரட்டிப்பானதை வெர்டெஹோவும் மில்சும் 2004-இல் காட்டினர். புதிய நுரைகளும் தேய்வுக்கு விலக்கல்ல. தேயத் தேய அவை இழப்பது அந்தத் துள்ளலையே. கண்ணுக்குப் புதிதாகத் தெரியும் காலணி உள்ளே கிழடாகியிருக்கலாம்.

சூப்பர்பிளாஸ்ட் பற்றி என் தீர்ப்பு இது. மாரத்தான் விரைவை ஒட்டிய நீண்ட, சீரான ஓட்டங்களுக்கு அதன் அமைப்பு பொருத்தமானது. தகடின்மையும் அடுக்கு நுரையும் அங்கே கைகொடுக்கும். திருப்பங்கள் நிறைந்த ஓடுபாதையில் 400 மீட்டர், 800 மீட்டர் எனக் கூறுகளாக ஓடும் கடும் பயிற்சிக்கு மெல்லிய காலணியே ஏற்றது. கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடத்துக்கும் விரைவாக நெடுந்தொலைவு ஓடும் பழக்கம் இல்லாதவர், அந்த 200 டாலரில் நல்ல அன்றாடக் காலணி ஒன்றை வாங்கிக்கொண்டு மீதத்தைச் சேமித்து வைக்கலாம்.