கழுத்துத் தமனி மீயொலிச் சோதனை

கழுத்துத் தமனி மீயொலிச் சோதனை என்பது, கழுத்தின் இருபுறமும் மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் தமனிகளின் சுவரை மீயொலி அலைகளால் படமாக்கி, அதன் தடிமனையும் கொழுப்புப் படிவுகளையும் கண்டறியும் முறை ஆகும். உயர் குருதி அழுத்தம் (இரத்தக் கொதிப்பு) உள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவை ஏற்படும் வாய்ப்பை மதிப்பிட இது உதவுகிறது.

அடிப்படை

இதயத் தமனிகள் சிறியவை. மார்பினுள் ஆழத்தில் இருந்து இதயத்துடன் சேர்ந்து அசைபவை. எனவே அவற்றின் சுவரை வெளியிலிருந்து மீயொலியால் அளப்பது கடினம். கழுத்துத் தமனி தோலுக்கு அருகில் உள்ளது. தமனித்தடிப்பு நோய் பல தமனிகளை ஒருங்கே தாக்குவதால், கழுத்தில் காணும் மாற்றம் இதயத் தமனிகளின் நிலைக்கு ஓர் அறிகுறியாகக் கொள்ளப்படுகிறது.

தமனிச் சுவர் உள், நடு, வெளி என மூன்று அடுக்குகளால் ஆனது. மீயொலிப் படத்தில் தெரியும் இரு இணை கோடுகளின் இடைவெளி, உள், நடு அடுக்குகளின் கூட்டுத் தடிமன் ஆகும். இதனை இத்தாலியைச் சேர்ந்த பாவுலோ பிக்னோலி குழுவினர் 1986 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் காட்டினர்.

செய்முறை

நோயாளியைப் படுக்க வைத்து, கழுத்தில் களிம்பு தடவி, ஆய்வுக்கருவி வைக்கப்படுகிறது. தமனி இரண்டாகப் பிரியும் இடத்திற்குச் சற்றுக் கீழே தடிமன் அளக்கப்படுகிறது. இதில் வலியோ கதிர்வீச்சோ இல்லை. 1.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட தடிப்பு கொழுப்புப் படிவாகக் கருதப்படுகிறது. வயது ஏற ஏறத் தடிமன் இயல்பாகவே கூடும்.

உயர் குருதி அழுத்தமும் தமனியும்

அழுத்தம் உயரும்போது தமனிச் சுவரின் மீதான தகைவு கூடுகிறது. அதைக் குறைக்க நடு அடுக்கின் தசை தடிக்கிறது. இது தகவமைப்பு, கொழுப்புப் படிவு அன்று. மீயொலி அளவீடு இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதில்லை. இச்சோதனையின் முதன்மையான குறைபாடு இதுவே.

சென்னை ஆய்வு

சென்னை நகர்ப்புற மக்கள்தொகை ஆய்வின் பகுதியாக வி. மோகன் குழுவினர் 2000 ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவுகளில், நீரிழிவு உள்ளவர்களின் சராசரித் தடிமன் 0.95 மில்லிமீட்டராகவும், இல்லாதவர்களுடையது 0.74 மில்லிமீட்டராகவும் இருந்தது. நீரிழிவும் உயர் குருதி அழுத்தமும் பலரிடம் சேர்ந்தே காணப்படுவதால் இம்முடிவு கவனத்திற்குரியது.

பயனும் வரம்பும்

ஐரோப்பிய உயர் குருதி அழுத்த வழிகாட்டி (2007) 0.9 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட தடிமனை உறுப்புப் பாதிப்பின் அடையாளமாகக் கொண்டது. ஆனால் 45,000க்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்த 2012 ஆம் ஆண்டு ஆய்வு, வயது, புகைப்பழக்கம், குருதி அழுத்தம், கொலசுட்ரால் ஆகியவற்றைக் கொண்ட கணிப்புடன் தடிமனைச் சேர்ப்பதால் கிடைக்கும் பயன் மிகச் சிறிது எனக் கண்டது. 2013 இல் அமெரிக்க வழிகாட்டி இவ்வளவீட்டை வழக்கமாகச் செய்யப் பரிந்துரைக்கவில்லை. கொழுப்புப் படிவு காணப்படுவது இதனினும் வலுவான எச்சரிக்கை ஆகும்.

திண்டுக்கல் உள்ளிட்ட தமிழ்நாட்டு மாவட்டங்களில், 2021 இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் வீடுகளில் அளக்கப்படுபவை குருதி அழுத்தமும் சர்க்கரையுமே. இடர் மதிப்பீட்டின் அடித்தளமும் இவையே. கழுத்துத் தமனி இயல்பாக உள்ளது என்ற முடிவைக் கொண்டு குருதி அழுத்த மாத்திரைகளை நிறுத்துதல் கூடாது.