இருபத்தைந்தில் ஒரு பங்கு: ஹாட் ராட் மாதிரிக் கார்களும் நம் பிள்ளைகளும்

நமது சங்கத்து அன்பர்களில் பலர் மோட்டார் தொழிலை நம்பி இந்த டெட்ராயிட் வட்டாரத்துக்கு வந்து சேர்ந்தவர்கள். பகல் முழுவதும் காரைப் பற்றியே தலையைப் பிய்த்துக்கொண்டுவிட்டு வீடு திரும்பும் தகப்பனாரிடம், "ஒரு பிளாஸ்டிக் கார் கிட் வாங்க வேண்டும், நாற்பது டாலர் கொடுங்கள்" என்று பிள்ளை கேட்டால், "படிக்கிற வயதில் பொம்மை எதற்கு?" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. அந்தக் கேள்விக்கு விடை சொல்லவே இக்கட்டுரை. நான் தொழிலால் மருத்துவன். பல ஆண்டுகளாக ஓய்வு நேரத்தில் இந்த மாதிரிக் கார்களைக் கட்டி வருபவன். ஆகையால் இதன் இன்பத்தையும் தீங்கையும் இரு பக்கமும் பார்த்துச் சொல்ல முடியும் என்று நம்புகிறேன்.

ஹாட் ராட் என்றால் என்ன?

1932-ஆம் ஆண்டு ஹென்றி ஃபோர்டு எட்டு சிலிண்டர் கொண்ட வி-8 எஞ்சினைச் சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலையில் ஒரு காரில் பொருத்தி விற்றார். 221 கன அங்குலம், 65 குதிரைச் சக்தி. இன்று இது அற்பமாகத் தோன்றலாம். அன்று அது பெரிய செய்தி. சில ஆண்டுகளில் அந்தக் கார்கள் பழையனவாகிக் குறைந்த விலைக்குக் கிடைத்தன. தெற்குக் கலிஃபோர்னியா இளைஞர்கள் அவற்றை வாங்கி, மட்கார்டைக் கழற்றி, பானெட்டைக் கழற்றி, எடையைக் குறைத்து, எஞ்சினைத் தம் கையாலேயே மாற்றியமைத்து, மியூராக், எல் மிராஜ் முதலிய வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். 1937-இல் அவர்களுடைய கழகங்கள் ஒன்றுகூடித் தென் கலிஃபோர்னியா நேரக் கணிப்புச் சங்கத்தை அமைத்தன. 1948 ஜனவரியில் ராபர்ட் பீட்டர்சன் "ஹாட் ராட்" பத்திரிகையைத் தொடங்கினார். தெருவில் பந்தயம் விட்டு உயிரை மாய்த்துக்கொள்ளும் இளைஞர்களை ஒழுங்கான பந்தயத் தளத்துக்கு அழைத்துச் செல்லும் நோக்கத்தோடு, வாலி பார்க்ஸ் 1951-இல் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவினார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர்கள் பணக்காரப் பிள்ளைகள் அல்லர். பிறர் வேண்டாம் என்று தள்ளிய பழைய காரை எடுத்து, அதில் எது தேவை, எது தேவையில்லை என்று தாமே தீர்மானித்தவர்கள்.

நம் பக்கத்து ஊரின் பங்கு

இந்தக் கார்களைச் சிறு வடிவில் வீட்டு மேசைக்குக் கொண்டுவந்ததில் நமது வட்டாரத்துக்குப் பெரும் பங்குண்டு. 1948-இல் தொடங்கப்பட்ட ஏ.எம்.டி. நிறுவனம் டிராய் நகரில் இயங்கியது. முதலில் கார் விற்பனைக்கூடங்களுக்கான விளம்பர மாதிரிகளைச் செய்தார்கள். 1958-இல், ஒரே பெட்டியில் மூன்று விதமாகக் கட்டக்கூடிய கிட்டை வெளியிட்டார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே கட்டலாம்; தன் விருப்பப்படி அலங்கரித்துக் கட்டலாம்; பந்தயக் காராகவும் கட்டலாம். அதே டெட்ராயிட் பகுதியில் ஜோ-ஹான், மவுண்ட் கிளெமன்ஸ் ஊரில் எம்.பி.சி. ஆகியவையும் இருந்தன. கலிஃபோர்னியாவில் ரெவெல், இலினாய் மாநிலத்தில் மோனோகிராம்.

உண்மையான ஹாட் ராட் கட்டிய கலைஞர்களும் இதில் சேர்ந்தார்கள். ஜார்ஜ் பாரிஸ் கட்டிய "ஆலா கார்ட்" என்னும் 1929 ஃபோர்டு வண்டி, ஓக்லண்ட் கண்காட்சியில் 1958, 1959 இரண்டு ஆண்டுகளிலும் அமெரிக்காவின் மிக அழகிய ரோட்ஸ்டர் என்ற பரிசைப் பெற்றது; அதை ஏ.எம்.டி. கிட்டாக வெளியிட்டது. எட் ராத் என்பவரின் "அவுட்லா", "பீட்னிக் பாண்டிட்" கார்களை ரெவெல் வெளியிட்டது. விற்ற ஒவ்வொரு கிட்டுக்கும் ராத்துக்குக் கிடைத்தது ஒரு சென்ட். அந்தச் சென்ட்டுகள் சேர்ந்தே நல்ல வருமானமாயின என்றால், எத்தனை பிள்ளைகள் வாங்கியிருப்பார்கள் என்று நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம். பழைய ஏ.எம்.டி., எம்.பி.சி. அச்சுகளிலிருந்து வார்த்த கிட்டுகளை இன்று ரவுண்ட் 2 என்னும் நிறுவனம் மீண்டும் வெளியிட்டு வருகிறது.

குறிப்புத் தாளுக்கு அப்பால்

கிட்டில் வரும் குறிப்புத் தாளைப் பார்த்து முதல் எண்ணிலிருந்து கடைசி எண் வரை ஒட்டிவிட்டால் ஒரு கார் கிடைக்கும். நம் பிள்ளைகள் இதில் கெட்டிக்காரர்கள். சொன்னதைச் சொன்னபடி செய்து மதிப்பெண் வாங்கப் பழகியவர்கள் அல்லவா! ஆனால் ஹாட் ராட் கட்டுவது குறிப்புத் தாளை மடித்து வைத்த பிறகுதான் தொடங்குகிறது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பெரும்பாலான அமெரிக்கக் கார் கிட்டுகள் அசலில் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவு. 1932 ஃபோர்டின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 106 அங்குலம். மாதிரியில் அது நாலே கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. கூரையைத் தாழ்த்துவது ஹாட் ராட் கலையில் பெயர்பெற்ற வேலை. அசல் காரில் மூன்று அங்குலம் தாழ்த்த வேண்டுமென்றால், மாதிரியில் தூண்களிலிருந்து மூன்று மில்லிமீட்டர் வெட்டி எடுக்க வேண்டும். கேட்க எளிது. ஆனால் கண்ணாடித் தூண்கள் நேராக நிற்பவை அல்ல. மேலே போகப் போக உள்நோக்கிச் சாய்பவை. நடுவில் ஒரு துண்டை எடுத்துவிட்டுக் கூரையை இறக்கினால் மேல் தூணும் கீழ்த் தூணும் ஒன்றோடொன்று பொருந்தா. ஒன்று, முன் தூணை இன்னும் சற்றுப் பின்னால் சாய்க்க வேண்டும். அல்லது கூரையை இரண்டாக அறுத்து இடையில் ஒரு பிளாஸ்டிக் பட்டையைச் சேர்த்து நீட்ட வேண்டும். எது சரி என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்காது. பள்ளியில் படித்த வடிவகணிதம் இங்கே கைக்கு வருகிறது.

மற்ற வேலைகளும் இப்படித்தான். உடற்பகுதியைச் சட்டத்தின் மேல் இன்னும் கீழே இறக்கிப் பொருத்தலாம். ஆனால் அப்போது உள்ளே தளம் உயரும், இருக்கை இடிக்கும். இன்னொரு கிட்டிலிருந்து பெரிய எஞ்சினை எடுத்து வைக்கலாம். அப்போது ரேடியேட்டருக்கு இடம் போதாது. எஞ்சினுக்குத் தீப்பொறி வயர்கள் போட வேண்டுமானால், டிஸ்ட்ரிபியூட்டரில் ஊசி முனையளவு துளைகள் இட்டு, எட்டுப் பிளக்குக்கு எட்டு, காயிலுக்கு ஒன்று என ஒன்பது மெல்லிய வயர்களைச் செருக வேண்டும். எந்த வயர் எந்தச் சிலிண்டருக்கு என்று தேடும் பிள்ளை, எஞ்சின் வேலை செய்யும் விதத்தைத் தன்னையறியாமல் கற்றுக்கொள்கிறது.

பெயின்ட் அடிப்பது பொறுமையின் சோதனை. முதலில் பாகங்களைச் சோப்பு நீரில் கழுவ வேண்டும்; அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை இருந்தால் பெயின்ட் பிடிக்காது. பிறகு பிரைமர். பிறகு மெல்லிய பூச்சுகள், ஒன்று காய்ந்த பின் அடுத்தது. அவசரப்பட்டுக் கனமாக அடித்தால் வழிந்து, கதவுக் கோடுகள் மூடிப்போகும். நன்றாகக் காய்ந்த பின் மிக மெல்லிய தேய்ப்புத் துணிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்படுத்தி நீர் விட்டுத் தேய்த்தால் கண்ணாடிபோல் பளபளக்கும்.

ஒரு வீட்டில் கண்டது

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். தகப்பனார் கார் நிறுவனத்தில் சஸ்பென்ஷன் பிரிவில் பொறியாளர். பதினைந்து வயது மகன் வீட்டில் வாயே திறப்பதில்லை. தகப்பனார் தமிழில் கேட்டால் மகன் ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விடுவான். தாயார் என்னிடம், "டாக்டர், இவனுக்கு ஏதாவது மனக்கோளாறா?" என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது. மனக்கோளாறு ஒன்றுமில்லை. அவன் ஒரு 1932 ஃபோர்டு கிட்டின் முன் அச்சைத் தாழ்த்த முயன்று, சக்கரங்கள் கோணிக்கொண்டு நிற்க, மூன்று நாளாகத் தனியே போராடிக் கொண்டிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை தகப்பனார் எதேச்சையாக எட்டிப் பார்த்து, "அச்சை மட்டும் இறக்கினால் போதாதப்பா, அதைத் தாங்கும் கம்பியின் கோணமும் மாற வேண்டும்" என்றார். பையன் நிமிர்ந்து பார்த்து, "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான். "இருபது வருஷமாக அதுதானே என் வேலை" என்றார் அவர்.

தகப்பனாருக்கு என்ன வேலை என்பது அந்தப் பிள்ளைக்கு அன்றுதான் தெரிந்தது. அவர்களுக்குள் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாரத்தில் ஒரு மாலை இருவரும் ஒரே மேசையில் உட்காருகிறார்கள். அறிவுரை கேட்க வராத பிள்ளை, ஓர் அச்சைப் பற்றிக் கேட்க வருகிறான். நம் வீடுகளில் பிள்ளைகள் கைநழுவிப் போகிறார்கள் என்று வருந்தும் பெற்றோர் இதைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

மருத்துவன் என்ற முறையில் சில எச்சரிக்கைகள்

இவற்றை வலியுறுத்திச் சொல்லாவிட்டால் என் கடமை முடியாது.

1. பசை: பிளாஸ்டிக் பசை சாதாரண ஒட்டும் பசை அல்ல. அது பிளாஸ்டிக்கையே சற்றுக் கரைத்து இரண்டு பாகங்களையும் ஒன்றாக்குகிறது. பழைய டியூப் பசைகளில் இருந்த டொலுயீன் என்னும் இரசாயனத்தை 1960களில் இளைஞர்கள் போதைக்காக முகர்ந்தார்கள். இது மூளையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். சில வேளை இதயத் துடிப்பைத் திடீரென நிறுத்திவிடும். 1969-இல் டெஸ்டார்ஸ் நிறுவனம் முகர்பவர்களை விரட்டக் கடுகெண்ணெய்க் காரத்தைப் பசையில் கலந்தது. இன்று நச்சுத்தன்மை குறைந்த பசைகள் கிடைக்கின்றன. சிறுவர்களுக்கு அவற்றையே வாங்குங்கள். பசை காரணமில்லாமல் வேகமாகத் தீர்ந்துகொண்டிருந்தால் கவனியுங்கள்.

2. பெயின்ட்: சிறுவர்களுக்கு நீரில் கரையும் அக்ரிலிக் பெயின்டே போதும். பளபளப்புக்காகப் பெரியவர்கள் பயன்படுத்தும் இரண்டு பாகங்களைக் கலக்கும் யூரிதேன் பூச்சில் ஐசோசயனேட் உண்டு. அது ஆஸ்த்மாவை உண்டாக்கக்கூடியது. ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலும் மூச்சுத் திணறும். காகித முகமூடி ஆவியைத் தடுக்காது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது வேண்டாம்.

3. பேஸ்மென்ட்: குளிர்காலத்தில் எல்லோரும் அங்கேதான் ஸ்ப்ரே அடிக்கிறார்கள். அங்கேதான் ஃபர்னஸும் வெந்நீர்க் கலனும் இருக்கின்றன. பெயின்ட் ஆவி தீப்பற்றக் கூடியது. காற்றை வெளியே தள்ளும் விசிறி இல்லாமல், தீச்சுடர் உள்ள அறையில் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது.

4. கத்தி: இவ்வேலைக்குரிய 11-ஆம் எண் கூர்க்கத்தி, அறுவைச் சிகிச்சையில் நாங்கள் பயன்படுத்தும் 11-ஆம் எண் கத்தியை ஒத்த வடிவம் கொண்டது, காயமும் அதே மாதிரிதான். உருண்டைப் பிடி மேசையிலிருந்து உருண்டு விழும். விழும் கத்தியைப் பிடிக்கக் கை நீட்டாதீர்கள். காலணி அணிந்து உட்காருங்கள். மழுங்கிய கத்தி புதிய கத்தியைவிட ஆபத்தானது, ஏனெனில் அதை அழுத்த வேண்டியிருக்கும்.

5. சூப்பர் குளு: வியட்நாம் போரில் இவ்வகைப் பசையைத் தெளித்து இரத்தப் பெருக்கை நிறுத்தினார்கள் என்பது உண்மை. அதற்காக வீட்டு டியூபைக் காயத்தில் பூசாதீர்கள். விரல் ஒட்டிக்கொண்டால் வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவிட்டு மெல்லப் பிரியுங்கள். இமை ஒட்டிக்கொண்டால் இழுக்க வேண்டாம். உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

6. தூசி: தேய்க்கும்போது நீர் விட்டே தேய்த்தால் தூசி மூச்சில் போகாது.

7. கண்: நாற்பத்தைந்தைத் தாண்டிய தகப்பனார்களுக்குக் கிட்டப் பொருள் மங்கலாகத் தெரிவது இயல்பு. தலையில் மாட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் நல்ல விளக்கும் வாங்கிக்கொள்ளுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தொலைவில் பாருங்கள்.

தொடங்க விரும்புவோருக்கு

முதல் கிட்டைக் குறிப்புத் தாளின்படியே கட்டட்டும். இரண்டாவதில் ஒன்றே ஒன்றை மாற்றட்டும்: சக்கரத்தையோ நிறத்தையோ. கூரையை வெட்டுவது மூன்றாவதில் போதும். கெட்டுப்போன பாகங்களை எறியாமல் ஒரு டப்பாவில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். அடுத்த காருக்கு அவைதான் சரக்கு. பெயின்ட் வழிந்தால் திட்டாதீர்கள். நீங்களே எடுத்துத் திருத்திக் கொடுத்தும்விடாதீர்கள்.

நவராத்திரிக்குக் கொலுப் படியின் கீழே பூங்கா அமைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அந்தப் பூங்காவின் சாலையில் கடையில் வாங்கிய பொம்மைக் காருக்குப் பதிலாகப் பிள்ளை தன் கையால் கட்டிய கார் நிற்கட்டும். கொலுவுக்கு வருபவர்கள் அதைப் பார்த்து என்ன வண்டி என்று கேட்டால், கூரையை ஏன் மூன்று மில்லிமீட்டர் தாழ்த்தினேன் என்று அவனே, அல்லது அவளே, தமிழில் விளக்கிச் சொல்லட்டும். பெண் குழந்தைகளுக்கு இது ஏற்றதல்ல என்று எண்ண வேண்டாம். கைந்நுட்பத்தில் அவர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர்.

அன்பர்கள் எவருக்கேனும் முதல் கிட்டைத் தேர்ந்தெடுப்பதில் ஐயமிருந்தால், ஞாயிறு பூஜை முடிந்ததும் உணவுக்கூடத்தில் என்னைப் பார்க்கலாம். பிள்ளையையும் அழைத்து வாருங்கள். எந்தக் கார் வேண்டும் என்று சொல்ல வேண்டியவர் அவர்தாமே.