பிள்ளையோடு அம்மாச்சியையும் அழைத்துப் போங்கள்

கம்பம், கூடலூர், கோம்பை, தேவாரம், போடி என்று எங்கள் பக்கத்து ஊர்களில் விடியுமுன்னே ஜீப்புகள் புறப்பட்டு விடும். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக மலையேறி, ஏலத்தோட்டத்தில் வேலை முடித்து, பெண்கள் வீடு திரும்ப அந்தி சாய்ந்து விடும். பிள்ளை பெற்றவள் சில மாதம் வீட்டில் இருப்பாள். அப்புறம் கூலியை விட முடியுமா? குழந்தை அம்மாச்சியிடமோ அப்பத்தாவிடமோ வளரும். அது குப்புற விழுந்ததையும் முதல் அடி வைத்ததையும் பெற்றவள் ராத்திரி கேட்டுத்தான் தெரிந்து கொள்வாள். தோட்டம் என்றில்லை, பள்ளிக்கூட வேலை, பாங்க் வேலை பார்க்கும் தாய்மார் வீட்டிலும் இதே கதைதான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு குழந்தையின் வளர்ச்சி பிந்துகிறதா என்று கண்டுபிடிக்க டாக்டருக்கு முதலில் வேண்டியது ஸ்கேன் அல்ல. "தலை எப்போ நின்றது? கூப்பிட்டால் திரும்புகிறதா? எந்தக் கையால் எடுக்கிறது?" என்ற கேள்விகளுக்குச் சரியான பதில். அந்தப் பதிலை வைத்திருப்பவரோ வீட்டில் பாத்திரம் விளக்கிக் கொண்டிருப்பார்!

நான் ஓர் இளம் தாயோடு துணைக்குப் போயிருந்த ஓர் இடத்தில் "பாட்டியம்மா வெளியே நில்லுங்க" என்று கதவைச் சாத்தினார்கள். எட்டு மாதப் பிள்ளை. இன்னும் சாய்த்து வைத்தால்தான் உட்காருவான். உள்ளே கேட்ட கேள்விக்கெல்லாம் அந்தப் பெண் விழித்தாள். வெளியே பெஞ்சில் பாட்டி என்னிடம் சொன்னதைக் கேளுங்கள்: "பொறந்ததுல இருந்தே எண்ணெ தேச்சு ஊத்தையில காலு ரெண்டும் கத்திரிக்கோலாட்டம் பின்னிக்கிருதுத்தா. விரிச்சு விட முடியலை." இதைவிட முக்கியமான தகவல் என்ன வேண்டும்? குளிப்பாட்ட மடியில் போட்டதும் விறைத்துக் கொள்ளும் பிள்ளையும், துணிபோலத் துவண்டு விழும் பிள்ளையும் உடனே காட்ட வேண்டிய பிள்ளைகள். அதை முதலில் உணருவது காலை நீட்டி உட்கார்ந்து குளிப்பாட்டும் கைதான்.

இன்னொன்று. பத்து மாதத்துப் பிள்ளை எதற்கும் வலது கையையே நீட்டினால், "இப்பவே சோத்துக்கை தெரியுது பாரு" என்று பெருமைப்படுவோம். ஒரு வயதுக்கு முன் குழந்தை இரண்டு கையையும் ஒன்றுபோல உபயோகிக்க வேண்டும். ஒரே கை என்றால், மற்றக் கைக்கு பலம் குறைவோ என்று பார்க்க வேண்டும்.

அதற்காக அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுக் கவலைப்படாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாட்டுக் குழந்தைகளைக் கவனித்து 2006-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. ஆரோக்கியமான குழந்தை தனியே நடக்கத் தொடங்குவது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம் என்கிறது அது. பிடிமானமில்லாமல் உட்காருவதற்கு 3.8-லிருந்து 9.2 மாதம். நூற்றுக்கு நாலு பிள்ளைகள் கை, முழங்கால் ஊன்றித் தவழாமலே நடந்து விட்டார்களாம்! ஆக, பதினோராம் மாதம் நடக்காததற்குப் பதற வேண்டாம். ஆனால் ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை என்றால், "அவுக அப்பாவும் லேட்டுத்தான்" என்று சமாதானம் சொல்லிக் கொண்டிருக்கவும் வேண்டாம்.

குறை மாதத்தில் பிறந்த பிள்ளைக்கு மட்டும் கணக்கு வேறு. இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்திருந்தால் ஆறாவது மாதத்தில் அதற்கு வயது நாலு என்றுதான் வைத்துக் கொள்ள வேண்டும். இரண்டு வயது வரை இப்படிக் கழித்துப் பார்ப்பார்கள்.

நடக்காத பிள்ளையையாவது தூக்கிக் கொண்டு ஓடுகிறோம். பேசாத பிள்ளைக்குத்தான் அதிகம் காத்திருந்து விடுகிறோம். எங்கள் தெருவில் ஒருவன், ஒன்றே முக்கால் வயது, ஒரு வார்த்தை கிடையாது. கோயிலில் வேண்டிக் கொண்டார்கள்; வசம்பு தடவினார்கள். அவன் அம்மாச்சிக்கு மட்டும் ஒரு சந்தேகம்: "கதவை அறைஞ்சா திரும்புறான். குக்கர் விசிலுக்குத் திரும்பலையே?" கதவு அறைவது தரையில் அதிரும், விசில் காதில் மட்டுமே விழும். சோதித்ததில் இரண்டு காதும் மந்தம். அவனுக்கு அறிவில் ஒரு குறையும் இல்லை! பேச்சு வராத எந்தப் பிள்ளைக்கும் முதலில் காதைப் பார்க்க வேண்டும். மெஷின் போதாத பிள்ளைகளுக்குச் செய்யும் காக்ளியர் அறுவைச் சிகிச்சைக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் இடமுண்டு.

காது நன்றாக இருந்தும் ஒரு வயதில் பெயர் சொன்னால் திரும்பாதது, ஒன்றரை வயதில் "அங்கே பார்" என்று விரல் நீட்டிக் காட்டாதது, முகம் பார்க்காதது எல்லாம் ஆட்டிசமோ என்று ஆராய வேண்டியவை. வந்த பேச்சோ, கற்ற விளையாட்டோ மறைந்து போனால் எந்த வயதானாலும் நாள் கடத்தக் கூடாது.

சரி, எங்கே போவது? முதலில் உங்கள் தெரு அங்கன்வாடிக்கு. மலைக்கு அந்தப்புறம், திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.கே.சி. நாயர் குழுவினர் உருவாக்கி 1991-ல் வெளியிட்ட ஓர் அட்டவணை இருக்கிறது. இரண்டு வயது வரைக்கும் மொத்தம் பதினேழே கேள்விகள்: முகம் பார்த்துச் சிரிக்கிறதா, கைக்குக் கை மாற்றுகிறதா, பின்பக்கமாக நடக்கிறதா, பொம்மையின் கண், மூக்கைக் காட்டுகிறதா என்று. அங்கன்வாடிப் பணியாளரே சில நிமிஷத்தில் பார்த்து விடும்படி எளிமையாகச் செய்திருக்கிறார்கள். அதில் தேறாவிட்டால் குறை என்று அர்த்தமில்லை. மேலே பார்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம்.

2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில், அங்கன்வாடிக்கு வருஷம் இரண்டு முறை மருத்துவக் குழு வந்து பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. வரும் நாளைக் கேட்டு வைத்துக் கொள்ளுங்கள். சந்தேகப்படும் பிள்ளைகளை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். குழு வரும்வரை காத்திருக்க மனமில்லையா? க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவுக்கு நேரே போய் விடலாம்.

அங்கே முறையாக மதிப்பிடும்போது மணி அடித்து, கட்டையை அடுக்கச் சொல்லி, துணிக்குள் பொருளை ஒளித்துத் தேடச் சொல்லி விளையாட்டாகவே பார்ப்பார்கள். இந்தியக் குழந்தைகளுக்கென்றே பரோடாவில் பிரமீளா பாடக் வகுத்த முறையில் உடலசைவுக்கு 67, அறிவுக்கு 163 சோதனைகள் உண்டு; வயதுக்குத் தக்கவற்றை மட்டும் செய்வார்கள். கடைசியில் ஒரு எண் கிடைக்கும். 70-க்குக் கீழே என்றால் தாமதம் என்பார்கள். அந்த எண்ணைப் பார்த்து அழ வேண்டாம். அது அன்றைய நிலவரம். பசியோடும் தூக்கக் கலக்கத்தோடும் போன பிள்ளை குறைவாகத்தான் செய்யும். ஆகவே தூங்கி எழுப்பி, வயிறு நிறைத்து அழைத்துப் போங்கள். காதுக்கான 'பெரா' சோதனைக்கு மட்டும் நேர்மாறு. அதைக் குழந்தை தூங்கும்போதுதான் செய்ய முடியும். போகும் வழியில் தூங்க விடாதீர்கள்!

தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்தாயிற்றா என்று நீங்களே கேளுங்கள். பிறவித் தைராய்டு குறையைப் பிறந்த முதல் இரண்டு வாரத்துக்குள் பிடித்தால் மாத்திரையிலேயே மூளை வளர்ச்சியைக் காப்பாற்றி விடலாம். தாமதிக்கத் தாமதிக்க நஷ்டம். பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டு, தடுப்பூசி அட்டை, மஞ்சள் காமாலைக்கு லைட்டில் வைத்திருந்தால் அந்தச் சீட்டு எல்லாம் பையில் இருக்கட்டும்.

உடற்பயிற்சி, பேச்சுப் பயிற்சி எதுவும் வாரம் ஒருநாள் மையத்தில் செய்தால் போதாது. மற்ற நாளெல்லாம் வீட்டில் செய்யப் போவது அம்மாச்சி. பயிற்சியாளர் செய்து காட்டியதும், அவர் முன்னாலேயே அம்மாச்சியும் தன் கையால் ஒருமுறை செய்யட்டும். அதைச் செல்போனில் படம் பிடித்துக் கொண்டால், மறந்து போனால் போட்டுப் பார்த்துக் கொள்ளலாம்.