மின்சுற்று

மின்கம்பியில் அமர்ந்த காகம் ஊறின்றியிருக்க, தரையில் நின்று அதனைத் தீண்டிய மனிதன் மாய்வது ஏன்? புறப்பட்ட இடத்திற்கு மீள வழியிருந்தாலன்றி மின்சாரம் ஓடாது. அவ்வழியே சுற்று எனப்படும். காகத்தின் இரு கால்களும் ஒரே கம்பியில் ஊன்றியிருத்தலின், அவற்றிடையே அழுத்த வேறுபாடு இல்லையெனலாம். மின்மாற்றியின் ஒரு முனை நிலத்தொடு பிணைக்கப்பட்டுள்ளமையால், நிலத்தில் நிற்போன் உடலோ சுற்றை நிறைவாக்கிவிடுகின்றது.

1800-ஆம் ஆண்டில் வோல்ட்டா வெளியிட்ட மின்னடுக்குத் தரும், திசைமாறா நேரோட்டமாயினும், நம் இல்லங்களில் 230 வோல்ட் அழுத்தத்தில் நொடிக்கு 50 முறை அலையும் மாறோட்டமாயினும், இந்நெறி ஒன்றே.

ஆதலின் மின்விளக்கைப் பழுதுபார்க்கப் புகுவோர் முதற்கண் மெயின் சுவிட்சை அணைத்துச் சுற்றை அறுத்தல் வேண்டும். ஈரக் கையும் வெறுங்காலும் மின்சாரத்திற்கு எளிய வழியாதலை நாம் மறவாதிருப்போமாக.