பெரிய வீட்டுக்காரர்கள் – 7
கால் ஏக்கர் கிரெகரியும் கூல் பார்க் சீமாட்டியும்

மாப்பிள்ளைக்கு 63 வயது. பெண்ணுக்கு 28 நிறைய இன்னும் பதினொரு நாள் பாக்கி. 1880 மார்ச் 4-ஆம் தேதி டப்ளினில் நடந்த அந்தக் கல்யாணத்தைப் பற்றி அயர்லாந்தின் கால்வே மாவட்டத்துப் பண்ணையார்களின் பெரிய வீடுகளில் கொஞ்ச நாள் வேறு பேச்சே இருந்திருக்காது. மாப்பிள்ளை சர் வில்லியம் கிரெகரி, இலங்கையின் முன்னாள் கவர்னர், மனைவியை இழந்தவர். பெண் அகஸ்டா பெர்ஸ். ராக்ஸ்பரோ பண்ணை வீட்டில் 16 பிள்ளைகளில் ஒருத்தியாகப் பிறந்தவள்.

ராக்ஸ்பரோவில் 6,000 ஏக்கர் நிலம் இருந்தது; குதிரையும் துப்பாக்கியும் வேட்டை நாய்களும் இருந்தன. படிப்புக்கு அங்கே மதிப்பில்லை. சில மைல் தள்ளியிருந்த கிரெகரியின் கூல் பார்க்கிலோ தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த நூலகம். கல்யாணப் பேச்சு எழும் முன்பே கிரெகரி தன் உயிலில் ஒரு வரி சேர்த்திருந்தார்: நூலகத்திலிருந்து தனக்குப் பிடித்த ஆறு புத்தகங்களை அகஸ்டா எடுத்துக்கொள்ளலாம். பெண்ணின் மனசு தெரிந்த மனிதர்தான். பிற்பாடு நூலகமே அவள் கைக்கு வந்தது.

அந்த நூலகத்துக்கும் வீட்டுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? வங்காளத்திலிருந்து. கிரெகரியின் கொள்ளுத் தாத்தா ராபர்ட் கிரெகரி கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்து, பெரும் செல்வத்தோடு ஊர் திரும்பி, 1768-இல் கூல் நிலத்தை வாங்கினார். 1782-இல் கம்பெனியின் தலைவராகவே ஆனார். தாத்தா வில்லியம் கிரெகரி 1812 முதல் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் டப்ளின் கோட்டையில் துணைச் செயலாளர். பெயர்தான் துணை, மேலே வைஸ்ராய்கள் வருவார்கள், போவார்கள், கோப்புகள் இவர் மேசையில்தான் நிற்கும்.

பேரன் வில்லியம் 1842-இல், இருபத்தைந்து வயதில், டப்ளின் எம்.பி. ஆனார். அதற்கு ஐந்தாண்டு கழித்து அவர் செய்த ஒரு காரியம் அவர் பெயரை அயர்லாந்தில் அழியாமல் நிறுத்திவிட்டது. நல்லவிதமாக அல்ல.

1845-இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. அடுத்த ஆண்டு விளைச்சல் அடியோடு போயிற்று. 1847-இல் பஞ்ச நிவாரணச் சட்டம் லண்டன் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, கிரெகரி ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு நிவாரணம் கிடையாது. நம் கணக்கில் 25 சென்ட். 117 பேர் ஆதரித்தார்கள், எதிர்த்தவர்கள் ஏழே பேர்.

அரை ஏக்கர் குத்தகை வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு இது என்ன செய்யும் என்று பார்த்தால் போதும். கிழங்கு அழுகிவிட்டது, குழந்தைகள் பட்டினி. கஞ்சி வேண்டுமானால் நிலத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் ஜமீன் ஆட்கள் பல இடங்களில் குடிசைக் கூரையையும் சேர்த்தே இடித்துத் தள்ளினார்கள். கொடுக்க மனமில்லாதவர்கள் மண்ணைக் கட்டிக்கொண்டு செத்தார்கள். சிறு குத்தகைக்காரர்களை அப்புறப்படுத்தி மேய்ச்சல் நிலமாக்கக் காத்திருந்த பண்ணையார்களுக்கு இதைவிட வசதியான சட்டம் வாய்த்திருக்காது. பஞ்சம் முடிவதற்குள் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். ஏறத்தாழ அதே அளவு மக்கள் கப்பலேறினார்கள். அந்த விதிக்கு இன்றுவரை ‘கிரெகரி விதி’ என்றுதான் பெயர்.

தன் சொந்தப் பண்ணையில் அவர் கொடுங்கோலர் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அவருடைய தந்தை குடியானவர்களுக்கு உதவப் போன இடத்தில் காய்ச்சல் தொற்றி அதே 1847-இல் இறந்தார். ஆனால் சட்டம் கூல் பார்க்குக்கு மட்டுமா போடப்பட்டது?

ஏழைகளின் கால் ஏக்கரை எண்ணிப் பார்த்தவர் தன் ஏக்கர்களை எண்ணவில்லை. குதிரைப் பந்தயத்தில் விட்ட பணத்துக்காகக் குடும்ப நிலத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கை விற்க வேண்டிவந்தது. அரசியலுக்குத் திரும்பி, 1857 முதல் கால்வே எம்.பி.யாக இருந்து, 1872-இல் இலங்கைக் கவர்னர் பதவியைப் பெற்றார்.

இலங்கையில் பார்த்தால் வேறு மனிதர். 1873-இல் வட மத்திய மாகாணத்தை உண்டாக்கினார். அனுராதபுரம் பக்கத்துப் பழைய குளங்களைச் செப்பனிட வைத்தார். கொழும்பு அருங்காட்சியகம் அவர் முயற்சி. 1877-இல் திறக்கப்பட்டது, வாசலில் அவருடைய வெண்கலச் சிலை. நுவரெலியாவின் கிரெகரி வாவியும் அவர் பேரில்தான். ஒரே பெயர் ஒரு தீவில் சாபமாகவும் இன்னொரு தீவில் ஏரியாகவும் இருப்பது சாம்ராஜ்யங்களில் நடக்கக்கூடியதுதான்.

ஓய்வுபெற்ற கவர்னரோடு அகஸ்டா உலகம் சுற்றினாள். கெய்ரோவில் இருவரும் எகிப்தியக் கிளர்ச்சித் தலைவர் அராபி பாஷாவோடு பழகினார்கள். பிரிட்டிஷ் படை அவரைத் தோற்கடித்தபின், அவருக்கு ஆதரவாக அகஸ்டா 1882-இல் ‘டைம்ஸ்’ பத்திரிகையில் எழுதினாள். அதுதான் பேர் சொல்லும்படியான முதல் எழுத்து. அராபியை நாடுகடத்திய இடம் இலங்கை! அதே கெய்ரோ நாட்களில் அறிமுகமான கவிஞர் வில்ஃப்ரிட் பிளண்ட்டோடு அவளுக்கு ஓராண்டு போல ரகசிய உறவும் இருந்தது. கணவருக்குத் தெரியாமலே முடிந்தது.

1892-இல் சர் வில்லியம் இறந்தார். அகஸ்டாவுக்கு முப்பத்தொன்பது வயது; மகன் ராபர்ட்டுக்குப் பத்து. கறுப்பு உடையைப் பிறகு அவர் மாற்றவேயில்லை. சிக்கனமாக வாழ்ந்து மகனுக்காக எஸ்டேட் கடனை அடைத்தார். ஆரம்பத்தில் அவரும் பண்ணையார் கட்சிதான். அயர்லாந்துக்குத் தன்னாட்சி கூடாது என்று 1893-இல் பெயர் போடாமல் ஒரு துண்டுநூலே வெளியிட்டார். அவர் மாறியது மேடைப் பேச்சைக் கேட்டு அல்ல. ஐரிஷ் மொழியைக் கற்று, கூல் பார்க்கைச் சுற்றியிருந்த கில்டார்ட்டன் கிராமங்களில் கதை கேட்கப் போனதால்.

கதை கேட்கப் போன இடங்களில் ஒன்று, பக்கத்துச் சிற்றூரான கோர்ட்டில் இருந்த ஏழையர் இல்லம். நிலமும் வீடும் இல்லாதவர்கள் கடைசியில் ஒதுங்கும் இடம். கணவர் கொண்டுவந்த விதி ஊர் ஊராக மக்களைத் துரத்திவிட்டதும் இப்படிப்பட்ட இல்லங்களுக்குத்தான். அரை நூற்றாண்டு கழித்து மனைவி அங்கே போய் உட்கார்ந்து, கிழவர்கள் சொல்லும் ராஜகுமாரிக் கதைகளை எழுதிக்கொண்டார். இது பிராயச்சித்தம் என்று சிலர் சொல்வதுண்டு. அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. அவர் வாடகை வசூலித்த பண்ணையார்ச் சீமாட்டிதான். ஆனால் அந்த ஏழைகளின் பேச்சில் இலக்கியம் இருக்கிறது என்று முதலில் காதுகொடுத்தவர்களில் ஒருவர். கில்டார்ட்டன் பேச்சுநடையில் அவர் எழுதிய நாடகம் 1904 டிசம்பர் 27 அன்று, டப்ளின் அபே தியேட்டரின் முதல் இரவிலேயே மேடையேறியது. கவிஞர் யேட்ஸ் ஆண்டுதோறும் கோடையில் கூல் பார்க்கில் தங்கினார். தோட்டத்துச் செம்பு நிற பீச் மரத்தில் யேட்ஸ், நாடகாசிரியர்கள் பெர்னார்ட் ஷா, சிங் எல்லாரும் செதுக்கிய எழுத்துகள் உண்டு.

மகன் ராபர்ட் போர் விமானியாகி, 1918 ஜனவரியில் இத்தாலியில் விழுந்து இறந்தான். அதற்குள் நிலச் சட்டங்கள் வந்து, குத்தகைக்காரர்கள் அரசுக் கடனில் நிலத்தைச் சொந்தமாக வாங்கிக்கொண்டிருந்தார்கள். ராக்ஸ்பரோ மாளிகை 1922-இல் உள்நாட்டுப் போரில் எரிந்தது. கூல் எரியவில்லை, விலைபோயிற்று. 1927-இல் வீட்டையும் தோப்பையும் அரசு வாங்கியது. வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில் அகஸ்டா ஆண்டுக்கு 100 பவுண்டு வாடகை கொடுத்துக் குடியிருந்து, 1932-இல் காலமானார். 1941-இல் ஒரு கான்டிராக்டர் கல்லுக்காக வீட்டை இடித்தார்.

இத்தனைக்கும் நடுவே அவர் பதினேழு ஆண்டுகள் விடாமல் நடத்திய சண்டை ஒன்று உண்டு. சகோதரி மகனான ஓவிய வியாபாரி ஹியூ லேன் 1915-இல் லூசிடேனியா கப்பலோடு மூழ்கினார். அவருடைய 39 ஓவியங்களை டப்ளினுக்குத் தரும்படி எழுதிவைத்த தாளில் கையெழுத்து இருந்தது, சாட்சிக் கையெழுத்து இல்லை. படங்களைத் தர மறுத்தது லண்டன் தேசிய ஓவியக் கூடம். சர் வில்லியம் கிரெகரி 25 ஆண்டுகள் அறங்காவலராக இருந்த அதே நிறுவனம். அந்த வழக்கின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)