சமநிலை – 9: சந்திரனுக்குப் போன காது

புராஸ்பர் மெனியர் 1861இல் பாரிஸில் தலைசுற்றலுக்கும் உள்காதுக்கும் முடிச்சுப் போட்டதையும், அங்கே எண்டோலிம்ப் திரவம் தேங்கி வீங்குவதையும் போன வாரமே பார்த்துவிட்டோம். இந்த வாரம் ஊசி சிகிச்சை என்று சொல்லியிருந்தேன். அதற்கு முன் ஆலன் ஷெப்பர்டின் காதைப் பார்த்தே ஆக வேண்டும். விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கர் அவர். மெனியர் நோய் வந்ததும் நாசா அவரைப் பறக்கவிடாமல் தரையில் நிறுத்தியது. 1968இல் விக்டர் பூலோஸ் என்ற மாற்றுப்பெயரில் லாஸ் ஏஞ்சலிஸ் போய், வில்லியம் ஹவுஸ் என்ற அறுவை மருத்துவரிடம் காதைக் காட்டினார். ஹவுஸ், காதுக்குப் பின்னுள்ள மாஸ்டாய்டு எலும்பைக் குடைந்து, எண்டோலிம்ப் பையைத் திறந்து, மிகுதித் திரவம் வடிய ஒரு மெல்லிய குழாயை வைத்தார். மறு ஆண்டே தடை நீங்கியது. 1971 பிப்ரவரியில், 47 வயதில், அப்பல்லோ 14இன் தளபதியாகச் சந்திரனில் நின்றார் ஷெப்பர்ட். மண் மாதிரி எடுக்கும் கருவியின் கைப்பிடியில் கோல்ஃப் மட்டைத் தலையை மாட்டி, விறைத்த விண்வெளி உடைக்குள்ளிருந்து ஒற்றைக் கையால் பந்தையும் அடித்தார்!

இதைவிட வலுவான சாட்சி வேண்டுமா என்று கேட்கத் தோன்றும். வேண்டும் என்பதே என் வாதம். மெனியர் நோய் தானே ஏறித் தானே இறங்கும். மாதக்கணக்கில் அடங்கிக் கிடக்கும். நோயாளி கத்திக்குச் சம்மதிப்பதோ பெரும்பாலும் நோய் உச்சத்தில் ஆட்டும்போதுதான். அதன்பின் குறைந்தால், குறைத்தது குழாயா, காலமா? 1981இல் வெளியான டென்மார்க் ஆய்வு இதைத்தான் கேட்டது. 30 நோயாளிகளில் பாதிப்பேருக்கு உண்மையான அறுவை. மீதிப்பேருக்கு எலும்பை மட்டும் குடைந்து, பையைத் தொடாமல் தையல். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பின்னால் பரிசோதித்தவருக்கும் தெரியாது. இரு தரப்பிலும் பெரும்பாலோர் தேறினார்கள்.

முப்பது பேர் போதுமா என்ற மறுப்பு நியாயமானது. அதே எண்களை 2000இல் மறுபடி அலசியவர்கள் உண்மையான அறுவைக்குச் சாதகமான வித்தியாசம் இருப்பதாகவும் எழுதினார்கள். ஆனால் கணக்கு முறையை மாற்றினால் மாறிவிடும் முடிவை நம்பி எலும்பைக் குடையலாமா? எலும்பைக் குடைந்ததே மருந்தாகியிருக்கலாமே என்றால், அப்போதும் குழாய்க்கு வேலை இல்லை. நோயாளியின் வேதனை கற்பனை என்று இதற்கு அர்த்தமில்லை. தலை சுற்றியது நிஜம், நின்றதும் நிஜம். நிறுத்தியது எது என்பதில்தான் வழக்கு.

மாத்திரைக்கும் இதே சோதனைதான். நம்மூர் மருந்துச்சீட்டுகளில் தலைசுற்றல் என்றாலே இடம்பிடிக்கும் பீட்டாஹிஸ்டினை, ஜெர்மனியில் 221 மெனியர் நோயாளிகளிடம் ஒன்பது மாதம் சோதித்து 2016இல் வெளியிட்டார்கள். குறைந்த அளவு, அதிக அளவு, வெற்று மாத்திரை என மூன்று குழுவிலும் தாக்குதல்கள் குறைந்தன. குழுக்களிடையே வித்தியாசம் இல்லை. ஆகவே உப்பைக் குறைப்பது, பொறுத்திருந்து கவனிப்பது போன்ற கெடுதல் செய்யாத வழிகளில் தொடங்கி, கேட்கும் திறனைப் பறிக்கக்கூடியவற்றைக் கடைசிக்கு ஒதுக்குவதே முறை. அந்தக் கடைசி வரிசையில் நிற்கும் ஜென்டாமைசின், சமநிலை செல்களையே அழித்துத் தலைசுற்றலை நிறுத்துவது. செவிப்பறை வழியாக ஏறும் அந்த ஊசி அடுத்த வாரம்.